சத்தமாக் கேளுங்கோ, மாமி

எங்கள் அத்தானிடம் எதையாவது ஒரே தரத்தில் கேட்டு வாங்கியவர்கள் ஒக்லாந்தில் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. முதல் தரம் கேட்டால் "என்ன?" என்பார். இரண்டாம் தரம் கேட்டால் தலையைச் சரித்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "விளங்கேல்லை, சத்தமாக் கேளும்" என்பார். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூன்றாம் தரம் கத்திக் கேட்டபிறகு முகமெல்லாம் சிரிப்பாக ஒரு சொல் சொல்லுவார்: "பாப்பம்." அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் நானும் அக்காவும் குசுகுசுத்தது மறுநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லுக்குச் சொல் வரும்.

அவர் என் அக்காவின் புருஷன். எல்லர்ஸ்லியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, லின்ஃபீல்டில் மேட்டில் ஒரு பலகை வீடு. பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவையும் என்னையும் கொழும்பிலிருந்து ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. நாங்கள் அந்த வீட்டில் மூச்சு விடுகிற விதத்திலேயே அது தெரிந்தது.

உப்புப் போத்தல் அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அக்கா சமைக்கும்போது உப்பைக் குறைத்துப் போட வேண்டும் என்பது அவருடைய கட்டளை, இரத்த அழுத்தமாம். பிறகு தனக்கு மட்டும் தாராளமாகக் கொட்டிக்கொள்வார். நாங்கள் கேட்க வேண்டும். நான் கேட்பதில்லை, பச்சைத் தண்ணீர் போன்ற குழம்பை அப்படியே விழுங்கினேன். அக்கா மட்டும் தினமும் கேட்பாள். "இஞ்சருங்கோ, உப்பை ஒருக்கா." "என்ன?" "உப்பு." "விளங்கேல்லை." "உப்பு!" அப்போதுதான் போத்தல் நகரும், அதுவும் பாதி மேசைவரைக்கும்.

ஹீற்றரும் அப்படித்தான். சில்லு வைத்த எண்ணெய் ஹீற்றர் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. மாலையானதும் அதை உருட்டிக்கொண்டு தன்னுடைய அறைக்குப் போய்விடுவார். அம்மாவின் அறை தெற்குப் பக்கம், யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அம்மா சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காலுக்கு என்னுடைய சொக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தார், கேட்கவில்லை.

நான் ஒடாஹுஹுவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை பிடித்த ஒரு பின்னேரம், பஸ் தரிப்பிடத்துப் போன் பெட்டியிலிருந்து அவருக்கு எடுத்தேன். "அத்தான், நல்ல மழை. வாற வழியிலை என்னையும் ஏத்த ஏலுமோ?" "என்ன?" திரும்பச் சொன்னேன். "விளங்கேல்லை பிள்ளை, சத்தமா." வரிசையில் நின்ற சமோவன் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பாப்பம்" என்று வைத்துவிட்டார். வருவாரா, வரமாட்டாரா? ஒருநாளும் வராமல் விட்டிருந்தால் நான் என் பாட்டில் பஸ்ஸில் போயிருப்பேன். ஆனால் சில நாள் வருவார். ஹீற்றர் போட்டு, பாட்டுப் போட்டு, "ஏன் பிள்ளை நனைஞ்சு போனீர்?" என்று அன்பொழுகக் கேட்பார். அந்தச் சில நாளுக்காகவே எல்லா நாளும் நனைந்துகொண்டு நின்றேன். அவருடைய கெட்டித்தனம் அங்கேதான் இருந்தது.

ஊர்ச்சனத்துக்கு அவர் தங்கமான மனிதர். புதிதாக வந்தவர்களுக்கு வீடு பார்ப்பார், வேலைக்குச் சொல்லிவிடுவார், கட்டில் ஏற்றி இறக்குவார். எல்லாவற்றையும் அவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசை மண்டபத்தில் நாலு பேர் முன்னால் மூன்று தரம் கேட்டிருப்பார்கள். அது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அல்லவா? நாங்கள் அவர் வீட்டிலேயே இருந்தோம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருமகனுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கமாட்டார், முகம் பார்த்துக் கதைக்கவும் மாட்டார். அவர் ஹோலில் இருந்தால் அம்மா குசினி வாசலில், நிலையோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். மருமகன் கைநீட்டும் தூரத்தில் இருந்தாலும், "பிள்ளை, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமோ எண்டு கேள்" என்று என்னிடம்தான் சொல்லுவார். அவரும் என்னைப் பார்த்து, "மாமியிட்டைக் காணும் எண்டு சொல்லும்" என்பார். மாமிமார் அப்படித்தான். அது மரியாதை. ஊரில் அதில் ஒரு கௌரவமும் இருந்தது. மருமகன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு லின்ஃபீல்டில் அதைச் செய்தபோது, அது வேலைக்காரி நிற்கிற மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

லண்டனில் அவருடைய சிநேகிதரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. போகிற வழியில் நாலு நாள் பாரிசில் நிற்பதென்று அத்தான் முடிவு செய்தார். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லாமல் போனது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த பெரிய வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் ஜாம் போத்தல் வைத்தார். நாங்கள் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற விருந்தாளிகளுக்கு விரலால் தடவித் தடவிக் காட்டுவார். முதல் நாள் காலமை மூலைக் கடையில் நின்றபடியே குறொசோன். மத்தியானம் ஆற்றங்கரையோடு நடை. பின்னேரம் கோபுரம், லிஃப்டில் அல்ல, படியேறி. இரண்டாம் நாள் பெரிய மியூசியம், பிறகு வெங்காய சூப், மேலே சீஸ் உருகிக் கருகியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பழைய தேவாலயம், இரவு நத்தை. "வெண்ணெயும் உள்ளியும் போட்டு, ஓட்டோடை கொண்டந்து வைப்பாங்கள். இழுத்தெடுக்கிறதுக்கு ஒரு குறடு இருக்கு" என்று போய் வந்தவர் மாதிரிச் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருக்கிற சனத்துக்கு வாயூறும். கண்டறியாத பாரிஸ்!

அந்தப் பாரிசில்தான் எங்கள் அண்ணா, அக்காவுக்குத் தம்பி, இருந்தான். ஏஜென்சிக்காரன் கனடா என்று கூட்டிப்போய் இறக்கிவிட்ட இடம். அகதி வழக்கு முடியவில்லை, கையில் பாஸ்போட் இல்லை, அந்த நாட்டைவிட்டு வெளியே அசைய முடியாது. ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினான். அத்தான் வாயூறச் சொல்லுகிற சாப்பாடெல்லாம் தின்று முடிந்த கோப்பைகள். அவன் வீட்டைவிட்டுப் போனபோது மீசை சரியாக அரும்பவில்லை. அம்மாவுக்கு அவனை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் வேறு ஒன்றும் அந்த மனிசி கேட்கவில்லை. இலங்கைப் பாஸ்போட்டோடு தனியாகப் போகிற கிழவிக்கு விசா குத்தமாட்டார்கள், வீடும் நிரந்தர வேலையும் உள்ள ஒருவர் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அப்போது மருந்துக் கடையில் தற்காலிகம். அப்படி ஒருவர்தான் எங்களுக்கு இருந்தார்.

அக்கா முதலில் கேட்டாள். "இஞ்சருங்கோ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் தம்பியை ஒருக்காப் பாத்திடுவா."

"என்ன?"

அவள் மூன்று தரமும் கேட்டாள். அவர் வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மாமிக்கு வாய் இல்லையோ? வேணுமெண்டால் அவ கேக்கட்டும்" என்றார்.

அம்மா நிலையோடு நின்று என்னைப் பார்த்து, "பிள்ளை, தம்பியிட்டைக் கேள், பெடியனை..." என்று தொடங்கினார்.

"நீர் சொல்லாதையும்" என்று என்னை மறித்தார் அத்தான். "மாமி சொல்லட்டும். பாரிஸ் எண்டால் சும்மாவே மாமி? அங்கை போய் லாச்சப்பலிலை இடியப்பம் தின்னுறதுக்கோ நான் இவ்வளவு பிளான் போடுறன்? என்னோடை வாறவை நான் தின்னுறதைத் தின்ன வேணும், நான் நடக்கிற இடமெல்லாம் நடக்க வேணும். முதல் பழகுங்கோ. பழகிப்போட்டுக் கேளுங்கோ, பாப்பம்."

லாச்சப்பல் என்பது பாரிசில் எங்கள் சனம் கடை போட்டிருக்கிற தெரு. அண்ணாவின் அறை அதற்குப் பின்னால்தான்.

அன்றைக்கே தொடங்கியது. சனிக்கிழமைகளில் அம்மாவை புளொக்ஹவுஸ் பே கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காரை மேட்டில் நிறுத்திவிட்டு, ஏறி வரச் சொல்லுவார். கோபுரத்துப் படிக்குப் பயிற்சியாம். முழங்கால் வீங்கிய மனிசி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளிர்காற்றில் நின்று நின்று ஏறி வருவார். அவர் காருக்குள்ளே பேப்பர் படிப்பார். வந்து கதவில் கை வைத்தால், "கொஞ்சம் பிந்திப்போச்சு மாமி" என்பார்.

அது பரவாயில்லை. வரைபடத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அவர் அம்மாவைச் சாப்பாட்டு மேசையில் தனக்கு நேரெதிரே இருக்கவைத்தார். வாழ்நாளில் மருமகனுக்கு முன்னால் கதிரையில் இருந்தறியாத மனிசி. நுனியில், எழும்ப ஆயத்தம்போல, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருப்பார். கையில் கத்தி, முள்ளுக்கரண்டி. வாட்டின ரோஸ்ற் பாண் துண்டைக் கத்தியால் வெட்டி முள்ளால் குத்தித் தின்ன வேண்டும். துண்டு துள்ளி நிலத்தில் விழும். அத்தான் சிரிக்கமாட்டார், அதுதான் மோசம். பொறுமையாக, "திரும்ப மாமி" என்பார். முடிந்ததும் கத்தியையும் முள்ளையும் சேர்த்து நேராக வைக்கச் சொன்னார், கடதாசியால் வாயை ஒற்றச் சொன்னார். துடைக்கக்கூடாதாம், ஒற்ற வேண்டுமாம்.

பிறகு சீஸ். அம்மா சுத்த சைவம். முட்டை அவித்த பாத்திரத்தில் தண்ணீர்கூடச் சூடாக்கமாட்டார். அவர் தேடிப் பிடித்து, நீலப் பூஞ்சணம் பிடித்த ஒரு சீஸை வாங்கி வந்தார். திறந்ததும் வீடு நாறியது. அம்மா முதல் துண்டை வாயில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறையில் கொட்டினார். வாய் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்து, அதே கதிரையில் இருந்தார்.

நான் அன்றைக்கு அம்மாவின் அறையில் கத்தினேன். "உங்களுக்கு விசரே அம்மா? அந்த ஆள் உங்களை வைச்சுக் கூத்துக் காட்டுது. விளங்கேல்லையோ?"

"விளங்குது" என்றார் அம்மா. "சீஸ் என்ன பிள்ளை, நஞ்சைத் தந்தாலும் தின்னுவன். என்ரை பெடியனை ஒருக்காக் கண்ணாலை பாத்திட்டுப் பேசாமல் வந்திடுவன். நீ உன்ரை வாயாலை அதைக் கெடுத்துப் போடாதை."



ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரண்டு குடும்பங்கள் விருந்துக்கு வந்திருந்தன. அத்தான் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "இண்டைக்கு மாமிக்குச் சோதினை" என்று எல்லோரையும் மேசையைச் சுற்றி இருத்தினார். அம்மா அந்த நீலச் சீஸை வெட்டினார், குத்தினார், தின்றார். இன்னொன்று என்றார் அத்தான், அதையும் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் ஓடிப்போய்க் கொட்டவில்லை. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "ஐயோ அன்ரி, நீங்கள் வெள்ளைக்காரிதான்!" அம்மா கத்தியையும் முள்ளையும் சேர்த்து வைத்து, வாயை ஒற்றிக்கொண்டு, முதல் முதலாக மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பெடியனைப் பாக்கோணும்."

"என்ன?"

"என்னையும் பாரிசுக்கு..."

"விளங்கேல்லை. சத்தமாக் கேளுங்கோ, மாமி."

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றார். அந்த மெலிந்த உடம்புக்குள்ளே அவ்வளவு சத்தம் இருந்ததை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். "என்ரை பிள்ளையைப் பாக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ, தம்பி!"

அத்தான் முகமெல்லாம் சிரிப்பாக, "பாப்பம்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து டிராவல் ஏஜென்ட் பெண் வீட்டுக்கு எடுத்தாள். நான்தான் போனைத் தூக்கினேன். பாரிசுக்கு இரண்டு இருக்கைகள், மாசியில், கோடை முடிய முன்னரே பதிந்தது, மாற்றம் ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டாள். கோடை முடிய முன்னர். சீஸுக்கும் படிக்கும் கத்திக்கும் முள்ளுக்கும் எத்தனையோ மாதம் முன்னர்.

"ரெண்டு டிக்கெட்தான் எண்டு சொல்லுறாள், அத்தான்."

"என்ன?"

"ரெண்டு டிக்கெட்!"

"ஓம், ரெண்டுதான். நான் பாப்பம் எண்டுதானே சொன்னனான்? கூட்டிக்கொண்டு போறன் எண்டு எப்ப சொன்னனான்?"

"அப்ப ஏன் அந்த அரியண்டத்தை அம்மாவுக்குத் தீத்தினீங்கள்?"

"மாமிக்கும் பொழுது போக வேண்டாமோ?" என்றார்.

அம்மா நிலையோடுதான் நின்றார். எல்லாம் கேட்டது. திரும்பிப் போய் அடுப்பில் இருந்த பருப்பைத் துழாவினார். அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அம்மா அண்ணாவுக்காகப் பயத்தம்பணியாரம் சுட்டார். அத்தான் வேண்டாம் என்றார், கஸ்டம்ஸில் நாய் மணந்து பிடிக்குமாம். அக்கா தன் கைப்பைக்குள் கார்டிகனுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். விமான நிலையத்தில், எல்லோரும் பார்க்க, அவர் அந்தக் கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோய் மாமியிட்டைக் குடும், வீணாக்கக்கூடாது." அக்கா பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பாரிசில் நடந்ததை அக்கா பிறகு போனில் சொன்னாள். பிளான் பிசகாமல் நடந்ததாம். குறொசோன், கோபுரம், மியூசியம், கருகிய சூப். அத்தான் குளிக்கிற நேரத்தில் ஹோட்டல் வாசலில் இருந்து அவள் அண்ணாவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் இரவு நத்தை வந்தது. அத்தான் குறடைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, ஒரு நத்தை துள்ளிப் பக்கத்து மேசைக்குக் கீழே போனது. அந்த நேரம் அக்கா எழுந்து, "நான் ஒருக்காப் போய்ட்டு வாறன்" என்றாள். "என்ன? விளங்கேல்லை" என்றாராம் அவர், பழக்கதோஷத்தில். கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அக்கா இரண்டாம் தரம் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் அண்ணா நின்றான், கையெல்லாம் சவர்க்காரத்தில் வெடித்துப்போய்.

அவள் திரும்பி வரவில்லை. அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்: "நான் தம்பியோடை நிக்கிறன். அவரிட்டைச் சொல்லாதேங்கோ." அம்மா "ஓம்" என்றார். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அந்தப் பணியாரப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு பிள்ளையைப் பார்க்கக் கேட்ட மனிசிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் அங்கே. அண்ணாவுக்கு அகதிப் பேப்பர் கிடைத்து அவன் ஒக்லாந்து வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் கலியாணத்துக்குப் போகாமலே திரும்பி வந்தார். லண்டனில் யாரோ சொந்தக்காரருக்குச் சுகமில்லை, அவ நிண்டு பாக்கிறா என்று ஊர்ச்சனத்துக்குச் சொன்னார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனைத் தூக்குவார், வைப்பார். அண்ணாவின் நம்பரோ விலாசமோ அவருக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்டுப் பழகாதவர். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் ஒடாஹுஹுவில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு அறை பார்த்தேன்.

நாங்கள் வெளிக்கிடுகிற காலமை, பெட்டிகள் வாசலில் இருந்தன, டாக்சிக்குச் சொல்லியாயிற்று. நான் ஹோலுக்குள் வந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்தார். அத்தானுடைய கதிரையில், நன்றாகச் சாய்ந்து. முன்னால் ரோஸ்ற் பாண். கத்தியால் வெட்டி, முள்ளால் குத்தி, ஒரு துண்டும் விழாமல் தின்றுகொண்டிருந்தார். அத்தான் வந்து குசினி வாசலில் நின்றார். சவரம் செய்யாத முகம். நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அம்மாவைப் பாராமல் என்னைப் பார்த்து, "மாமியிட்டைக் கேளும்..." என்று தொடங்கினார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மாமி, அவ எங்கை நிக்கிறா?"

அம்மா ஒரு துண்டை வாயில் வைத்து மென்று விழுங்கினார். "என்ன, தம்பி?"

"அவ... எங்கை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே."

"விளங்கேல்லை. சத்தமாக் கேளுங்கோ."

பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன், மறுகணம் நினைக்கவில்லை. அவர் கத்தினார். குரல் நடுவில் உடைந்தது. பக்கத்து வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ரை மனிசி எங்கை, மாமி? சொல்லுங்கோ!"

அம்மா கடைசித் துண்டைத் தின்றார். கத்தியையும் முள்ளையும் சேர்த்து நேராக வைத்தார். கடதாசியை எடுத்து வாயைத் துடைக்காமல் ஒற்றினார். பிறகு அவருடைய முகத்தை நேராகப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "பாப்பம்" என்றார்.